கீழவைப்பாருக்கு ஐஸ் ஏற்றிப் போனது

காலை எட்டு மணிக்கு மில்லர்புரத்திலிருந்து புறப்பட்டோம். முன்சீட்டில் என் தங்கை ரோசம்மாள். பின்னால் நாலு ஐஸ் கட்டி, மரத்தூள், நனைந்த சாக்கு, ஒரு சவப்பெட்டி. போக வேண்டிய இடம் கீழவைப்பார். சுமார் இருபத்திரண்டு மைல்.

எழுபத்து மூன்றாம் வருஷம், ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம். வண்டி என் கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்பளக்காரர் ஒருவரிடம் ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய பிக்கப். நான் கடலில் முங்கிச் சங்கு குளித்தவன். காது இரண்டிலும் சீழ் வைத்தது. ஒன்று போய்விட்டது, மற்றது பாதி. அதோடு கடலை விட்டேன். மீன் ஏற்றிப் பிழைக்கலாம் என்று இதை வாங்கினேன்.

வெளியே பச்சைப் பெயிண்ட் புதிதாக இருந்தது. சுரண்டினால் துரு. டிரைவர் கதவு உள்ளேயிருந்து திறக்காது, கையை வெளியே விட்டுத் திறக்க வேண்டும். இரண்டாவது கியர் தானாகக் கழன்றுவிடும், முழங்காலால் அணை கொடுக்க வேண்டும். பிரேக்கை இரண்டு தரம் மிதித்தால்தான் பிடிக்கும். என்ஜின் சத்தம் எனக்குச் சரியாகக் கேட்காது. ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்தே தெரிந்துகொண்டேன்.

துரு ஏறாமல் இருக்க, வள்ளத்துக்குப் பூசுவது போலச் சுறா எண்ணெய் காய்ச்சி வண்டியின் அடியெல்லாம் பூசினேன். மெக்கானிக் சுடலைமுத்து அண்ணாச்சி மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, நீ வண்டி வாங்குனியா, சுறா வாங்குனியா? பட்டறையில உள்ள பூனையெல்லாம் உன் வண்டிக்கு அடியிலதான் கெடக்கு."

சிரித்தவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டார். விரலில் வெள்ளையாக ஒட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"உப்பளத்துல ஓட்டுனவன் பாத்தித் தண்ணிய ஊத்தி ஊத்தி வளத்துருக்கான். உள்ள அடைச்சுப் போச்சு. இனி நல்ல தண்ணி தவிர ஒரு சொட்டு ஊத்தாத. தூரத்துக்கும் போகாத. பழசா ஒரு ரேடியேட்டர் தேடிக்கிட்டிருக்கேன்."

அது கிடைக்கும் முன்பே போக வேண்டி வந்தது.

ரோசம்மாள் வண்டியைப் பார்க்கத்தான் கீழவைப்பாரிலிருந்து வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து வண்டியை மந்திரிப்பதாக இருந்தது. மந்திரித்த பிறகு முதல் நடை அவளை ஊரில் கொண்டுபோய் விடுவது. "அண்ணன் வண்டியில வந்து எறங்குனேன்னு தெருவே பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஒரு ஆள் வந்தான். அவள் புருஷன் சூசை முந்தின நாள் சங்குக்கு முங்கினவர் மேலே வரவில்லை. விடியற்காலை கரையில் ஒதுங்கியிருந்தார்.

வந்த ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ராத்திரி பூரா தண்ணியில கெடந்த ஒடம்பு அண்ணே. வெயிலும் ஏறுது. ஐஸ் இல்லன்னா பெட்டிய மூடித்தான் வைக்கணும். தங்கச்சி மொகம் பாக்கணும்னா மத்தியானத்துக்குள்ள வாரும்."

தனியாகச் சொன்னான் என்றாலும் என் காதுக்காகச் சத்தமாகச் சொன்னான். அவள் கேட்டுவிட்டாள்.

பழைய துறைமுகத்துப் பக்கம் ஐஸ் வாங்கினேன். கட்டி மூன்று ரூபாய். பெட்டி தச்சனிடம் தயாராக இருந்தது. நல்ல தண்ணீர் ஒரு தகரம் எடுத்துக்கொண்டேன்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். ரோடு குண்டும் குழியும். பெட்டி பின்னால் இடித்துக்கொண்டே வந்தது. முழங்கால் கியரில் இருந்ததால் ரோசம்மாள் பக்கம் திரும்பக்கூட முடியவில்லை.

ஒன்பது மணிக்கு முன்னே தருவைக்குளம் விலக்கில் முதல் கொதி. மூடியின் வழியாக ஆவி சீறியது. ஆற விட்டு, தகரத்துத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். டீக்கடைக்காரர் மேலும் ஒரு வாளி கொடுத்தார். பெட்டியைப் பார்த்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார்.

வேப்பலோடை தாண்டியும் ஓடியது. ஸ்டியரிங்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன். பத்தரை மணி இருக்கும், உள்ளங்கையில் நடுக்கம் மாறியது. அடுத்த நிமிஷம் கண்ணாடியை மறைத்து ஆவி. நிறுத்தினேன்.

ஊர் கிடையாது, மரம் கிடையாது. ரோட்டை ஒட்டி உப்புப் பாத்தி. பலகை போட்டு உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவர் வரப்பில் ஏறி வந்தார்.

"என்ன, தண்ணி கேக்குதா? இங்க தண்ணிக்கா பஞ்சம்? இந்தா எடுத்து ஊத்தும்." பாத்தியைக் காட்டினார். "இதுல போற வண்டி பூரா இதத்தான் குடிக்கும்."

"குடிக்கிற தண்ணி இல்லையா?"

"எங்களுக்கே வண்டி வந்து ஊத்துனாத்தான். இன்னைக்கு வரல."

பாத்தியைப் பார்க்கக் கண் கூசியது. இதை ஊற்றினால் இன்றைக்கு ஓடும். குளத்தூர் வரைக்கும் ஓடலாம், கீழவைப்பார் வரைக்கும்கூட ஓடலாம். ஓடாமல் பாதியில் அடைத்தும் நிற்கலாம். நின்றால் வண்டியும் போச்சு, ஐஸும் போச்சு. நான் தகரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

ரோசம்மாள் இறங்கினாள். அவள் பக்கத்துக் கதவு நன்றாகத் திறக்கும்.

"என்னண்ணே நிக்க?"

"தண்ணி இல்லளா."

அவள் பாத்தியைப் பார்த்தாள். பின்னால் போய்ச் சாக்கை விலக்கினாள். மரத்தூளைக் கையால் தள்ளினாள்.

"ஐஸ ஒடை."

"ஏளா, அது அவருக்கு..."

"தெரியும். ஒருத்தரு உப்புத் தண்ணி குடிச்சது போதும். ஒடைண்ணே."

ஜாக்கிக் கம்பியால் உடைத்தேன். என்ஜின் ஆறாமல் ஊற்றினால் வெடித்துப்போகும். ஐஸைத் தகரத்தில் போட்டுப் பானட்டின் மேல் வைத்தோம். பானட் சூட்டில் கரைந்தது. மிதந்த மரத்தூளை அவள் முந்தானையில் வடிகட்டினாள். உப்பளத்துக்காரர் துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். இரண்டு கட்டி போனது. ஐஸ் கரைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருந்தது. அவள் அழவில்லை. "இன்னும் கொஞ்சம் போடு" என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

குளத்தூரில் கிணற்றுத் தண்ணீர் கிடைத்தது. அதற்குப் பிறகு வண்டி சண்டித்தனம் செய்யவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கீழவைப்பார். தெருவில் எல்லாரும் நின்றிருந்தார்கள். அவள் அண்ணன் வண்டியில் வந்து இறங்கினாள்.

இறக்கிப் பார்த்தபோது ஐஸ் ஒன்றரைக் கட்டிகூடத் தேறவில்லை. முழு உடம்புக்கும் போதாது. பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். தலைமாட்டில் மட்டும் இரண்டு பக்கமும் வைத்து, கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணி போட்டு இறுகக் கட்டினோம். மூன்று மணி வரைக்கும் முகம் தாங்கியது. அவள் பார்த்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள். பிறகு மூடச் சொன்னாள். நாலு மணிக்கு அடக்கம்.

மறுநாள் காலை தூத்துக்குடிக்குப் புறப்பட்டேன். வெறும் வண்டியாகப் போவானேன் என்று கரைக்குப் போய்க் கேட்டேன். மீன்காரப் பெண்கள் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"ஏறுங்க. காசு வேண்டாம்."

ஒருவரும் அசையவில்லை. ஒரு அம்மாள்தான் வாயைத் திறந்தாள். "கோவிக்காதீரும் அண்ணே. மந்திரிக்காத வண்டி, மொத ஏத்தமே பெட்டி. வள்ளத்துல பொணம் ஏறுனாலே சாமியாரு வாரதுக்கு முன்ன கடல்ல எறக்க மாட்டோம்லா. எங்க மீனு வெல போவாது."

அவள் சொன்னதில் தப்பில்லை. நானும் அதே கரையில் வளர்ந்தவன்தான். என்ஜினைப் போட்டேன்.

ரோசம்மாள் வந்தாள். கறுப்புச் சேலை. இடுப்பில் பித்தளைக் குடம். வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் கோரி நிரப்பிய நல்ல தண்ணீர். குடம் நிறைய ஒரு மணி நேரம் ஆகும். நேற்றுப் புருஷனை அடக்கம் செய்தவள் இன்றைக்கு ஊற்றுக்குப் போவாளா என்று பின்னால் ஒருத்தி கேட்டது என் பாதிக் காதிலேயே விழுந்தது. அவளுக்கு விழாமல் இருக்காது. குடத்தை முன்சீட்டில், தான் உட்கார்ந்து வந்த இடத்தில் வைத்தாள். சரியாமல் இருக்கச் சாக்கை அண்டக் கொடுத்தாள்.

"வழியில கேக்கும்லா" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

அந்த உப்புப் பாத்தி வந்ததும் நிறுத்தினேன். வண்டி கொதிக்கவில்லை. ஆனாலும் ஆற விட்டு மூடியைத் திறந்து ஊற்றினேன். பாத்திக்காரர் தூரத்திலிருந்து கையைத் தூக்கினார்.

வள்ளத்தில் போன காலத்தில் தண்ணீர் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. இந்த வண்டிக்குத் தண்ணீர் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடற்கரை நெடுகிலும் இதற்கு ஒரு வாய் நல்ல தண்ணீர் எளிதில் கிடைக்காது. எந்த ஊரில் எந்தக் கிணறு இனிக்கும் என்று இனிமேல்தான் படிக்க வேண்டும். சுடலைமுத்து அண்ணாச்சி சொன்ன ரேடியேட்டரைப் போட வேண்டும். சாமியாரைப் பார்த்து மந்திரிக்கவும் சொல்ல வேண்டும்.

மில்லர்புரம் வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதி மிச்சம் இருந்தது. அதை வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. முன்சீட்டிலேயே இருக்கிறது. அவளுக்கு இருப்பது அந்த ஒரு குடம். திருப்பிக் கொடுக்க இந்த வண்டியில்தான் போக வேண்டும்.