மூன்று விரல் தாழ்ப்பாள்

நிலா உருண்டையாக இருப்பதற்குக் காரணம், என் அத்தை ஒருநாள் கையில் மீந்த மண்ணை உருட்டி ஜன்னல் வழியே வீசியதுதான். இதைப் பரீட்சைத் தாளிலேயே எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதில் அந்த விடைக்கும் ஒரு பங்கு உண்டு.

அத்தை, அப்பாவின் தங்கை. கப் செய்யும் பட்டறையில் பதினாறு வருஷமாகக் கைப்பிடி ஒட்டுகிறாள். கப்பை யாரோ செய்வார்கள். பிடி மட்டும் அவளுடையது. யார் வீட்டில் காபி கொடுத்தாலும் குடிப்பதற்கு முன் பிடியை ஆட்டிப் பார்ப்பாள். ஒருமுறை அவள் செருப்பு இரண்டிலும் தலா ஒரு கைப்பிடி ஒட்டிவைத்தேன். கத்துவாள் என்று பார்த்தால், "ஒட்டு சரியில்ல, ரெண்டு நாள்ல விழுந்துடும்" என்றாள்.

எங்கள் பழைய வீட்டைச் சாலைக்காக இடித்துவிட்டார்கள். மூன்றாம் மாடியில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு அதற்குள் பார்வை முழுசாகப் போயிருந்தது. பழைய வீட்டில் அது வெளியே தெரியாது. சுவரில் கையை ஓடவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவார். இங்கே வந்ததும் நாற்காலியோடு நாற்காலியாகிவிட்டார். புதுச்சுவர் ஒரே வழவழப்பு, கைக்கு ஒன்றும் சொல்லாது. அம்மா வேலைக்குப் போய்விட்டால் நானும் அவரும்தான். பாத்ரூம் போக மகளைக் கூப்பிட வேண்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். டம்ளரை நீட்டினால் "அப்புறம்" என்பார். ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

அத்தையும் கேட்கவில்லை. ஆனால் ஒரு நாள் ஒரு பெட்டியோடு வந்தாள்.

வீடு இடிபடுவதற்கு முந்தின வாரம் அவள் ஈர மண்ணை எடுத்துவந்து, முன்கதவுத் தாழ்ப்பாள், சுவிட்ச் பெட்டி, ஜன்னல் கம்பிப் பூ, கூடத்துச் சுவரின் விரிசல் என்று ஒவ்வொன்றின் மேலும் அப்பி அச்சு எடுத்துக்கொண்டிருந்தாள். "வீட்டுக்கு மாவுக்கட்டு போடுறியா அத்தை?" என்று கேட்டு முதுகில் வாங்கினேன். அந்த அச்சுகளைச் சுட்டு, அவற்றில் மண் அடைத்து டைல்களாக எடுத்து, மறுபடி பட்டறைச் சூளையில் சுட்டிருக்கிறாள். அப்பாவின் நாற்காலியிலிருந்து பாத்ரூம் கதவு வரை, அவர் கை போகும் உயரத்தில், பழைய வீட்டு வரிசையிலேயே பதித்தாள். சிமென்ட் காய்ந்ததும் அப்பா முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, எழுந்திரு. யாரையும் பிடிக்காத. சுவரைப் பிடிச்சுக்கிட்டு போ."

அப்பா எழுந்தார். விரல்கள் தாழ்ப்பாளைத் தொட்டன. அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, பொம்மை வீடா?"

"அச்சு அசலா எடுத்தது அண்ணா."

"நம்ம வீட்டு தாழ்ப்பாள்ல என் மூணு விரல் நிக்கும். இதுல ரெண்டுதான் நிக்குது. இது யார் வீடோ." கையை எடுத்துக்கொண்டு, பின்னால் தடவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பரவால்ல விடு. எனக்கு இங்கயே நல்லாத்தான் இருக்கு."

அத்தை தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுட்டால் மண் சுருங்கும். இது பட்டறைப் பூனைக்கும் தெரியும். பதினாறு வருஷமாக ஒவ்வொரு பிடியையும் ஒரு சுற்று பெரிதாகச் செய்கிறவள், சொந்த வீடு என்றதும் மறந்துபோனாள். அச்சு ஒரு தடவை சுருங்கியது. டைல் இன்னொரு தடவை.

"அப்பாவையும் ஒரு தடவை சூளையில வச்சு எடுத்துட்டா அளவு சரியாயிடும்" என்றேன். அத்தை மண் கரண்டியை வீசினாள். குறி தப்பியது. அப்பா சிரித்தார்; அதற்காகத்தான் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மறுபடி அச்செடுக்க வீடு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈர மண்ணை அப்பாவின் மடியில் வைத்தாள். "நீயே சொல்லு" என்றாள்.

"இன்னும் தடிமன். கொண்டி இன்னும் நீளம். ம்... இதான்."

இதான் என்றதும் அவள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் மண் வைத்தாள்.

"ஏய், இப்ப யானைக்குப் பூட்டுற மாதிரி இருக்கு!"

"சூளைக்குப் போயிட்டு வரட்டும், அப்புறம் பேசு."

விரிசலுக்கு மட்டும் அரைநாள் சண்டை. முதலில் சுட்ட டைலை அப்பா சாட்சியாகவே ஏற்கவில்லை.

"இடப்பக்கம் சாயும்" என்றாள் அத்தை.

"வலப்பக்கம். நீ பந்து அடிச்சுதான் விழுந்துச்சு, எனக்குத் தெரியாதா?"

"அடிச்சது நீ. அடி வாங்கினது நான்."

"சரி, வலப்பக்கமே இருக்கட்டும்" என்று அவளே இறங்கிவந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, சூளையிலிருந்து வந்த புது டைல்களைப் பழையவற்றின் இடத்தில் பதித்துவிட்டு, சிமென்ட் இறுக இரண்டு நாள் ஆகும், யாரும் தொடக்கூடாது, புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பா இன்னொரு தடவை பாதியில் உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். எனக்கு இதில் அக்கறை இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

புதன் மதியம் அப்பா கண் அயர்ந்திருந்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பிடித்தேன். தாழ்ப்பாள். சுவிட்ச் பெட்டி. ஜன்னல் பூ. விரிசல். அதற்கப்புறம் பாத்ரூம் கதவு வர வேண்டும். வந்தது. திரும்பிப் போனேன், மறுபடி வந்தேன். எந்த இடத்தில் கால் தயங்குகிறது என்று பார்க்க வேண்டுமே. கடைசித் தடவை, விரிசலைத் தாண்டியதும் கைக்கு மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. நடுவில் ஒரு மேடு.

"அது டைல் இல்லடி" என்றது அது. "என் மூக்கு."

அதற்குள் அப்பா விழித்துக்கொண்டு, "யாரு அங்க?" என்றார்.

"நான்தான் அண்ணா. சிமென்ட் காஞ்சிருச்சு."

அத்தை என்னைச் சுவரோரமாக இழுத்து வாயைப் பொத்தினாள். அப்பா எழுந்தார். தாழ்ப்பாளில் மூன்று விரல் வைத்தார். மூன்றும் நின்றன. பிறகு நடந்தார். விரிசலில் மட்டும் நின்று, அதன் வலப்பக்கச் சாய்வை இரண்டு தடவை தடவிவிட்டு, "இடப்பக்கம்தான்டி, நீ சொன்னதுதான் சரி" என்றார். எங்களைத் தாண்டிப் போய் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தை என் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"எத்தனை தடவை நடந்து பார்த்த?"

"நானா? இப்பதான், சும்மா, ஒரு தடவை."

"பன்னெண்டு" என்றாள் அத்தை. "வாசல்ல நின்னு எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."