நிலாந்தினி மிஸி கேட்க மறந்த கேள்வி

பாண்டிருப்பு நிலாந்தினி மிஸியின் வாய்க்கு ஆஸ்பத்திரி வாட்டே பயம். இருபது வருடத் தாதி வேலை. சோற்றைத் தள்ளி வைக்கும் நோயாளியை அவள் ஏசுகிற ஏச்சு கீழ்மாடி வரை கேட்கும். ஏசி முடித்துத் தன் பெட்டியிலிருந்து மீன் பொரியலை எடுத்து அவன் சோற்றுக் கோப்பையில் வைப்பாள். அப்படி ஒரு மனுசி.

சாய்ந்தமருதுத் தோணிக்காரர் ஷரிபுதீன் காக்கா வந்தபோது அவருக்கு இரண்டு பக்கப் பார்வையும் மங்கியிருந்தது. மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியில் ஒரு கட்டி கண் நரம்பை அழுத்தியது. தலையைத் திறக்காமல் மூக்குக்குள்ளால் கமெரா விட்டு எடுப்பதாக டொக்டர் சொன்னார்.

மிஸி மூன்று நாள் காக்காவைப் பழக்கினாள். ஒப்பரேசனுக்குப் பிறகு மூக்குச் சீறக் கூடாது, குனியக் கூடாது, முக்கக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். எல்லாவற்றுக்கும் அவர், “ஓம் மிஸி” என்றார்.

ஒப்பரேசன் ஐந்து மணித்தியாலம். வெளியே காத்திருந்த மனைவி றம்லாவிடம் மிஸி இரண்டு தரம் போய்ச் சேதி சொன்னாள். கட்டி வெளியே வந்துவிட்டது. மண்டையோட்டில் போட்ட துளையைத் தொடையில் எடுத்த சவ்வால் ஒட்டினார்கள். அந்த ஒட்டு விட்டால் மூளைத் தண்ணீர் மூக்கால் ஒழுகும், கிருமி மூளைக்கு ஏறும்.

ஐந்தாம் நாள் மூக்கிலிருந்த அடைப்பை எடுத்தார்கள். மறுநாள் மத்தியானம் ளுஹர் தொழுகை நேரம் காக்கா பைப்படியில் நின்று, கை நிறையத் தண்ணீரை மூக்குக்குக் கொண்டுபோனார்.

“காக்கா! ஊத்துங்க அத!”

“ஒளு எடுக்கிறன் மிஸி. தொழுகைய விட ஏலா.”

“மூக்குச் சீறப்படாதெண்டு எத்தின தரம் சொன்னன்?”

“இது சீறலா? தண்ணிய உறிஞ்சி விடுறதுதானே. இது சுத்தம்.”

மிஸி அவர் கைத்தண்ணீரைத் தட்டிவிட்டாள். “முந்தியும் எடுத்தீங்களா?”

“காலையில சுபஹுக்கு. மூணு தரம்.”

பள்ளிவாசல் வாங்குச் சத்தத்தில் நேரம் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆனாலும் தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் ஒளுவில் மூக்குக்கு என்ன வேலை என்று அந்த மூன்று நாளும் கேட்கத் தோன்றவில்லை. பிழை தன்னுடையது என்று தெரிந்ததால் இன்னும் கூடுதலாக ஏசினாள்.

சோறு கொண்டு வந்த றம்லா எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“மூக்குக்குத் தண்ணி விடுறது சுன்னத்துதானே, கட்டாயமில்ல. விடாட்டியும் ஒளு கூடும். சுஜூதுக்கு நெத்தி நிலத்தில படக் குனியாம கதிரையில இருந்து சைகை காட்டினாப் போதும். இத்தின வருசம் தொழுத மனிசனுக்கு இது தெரியாதா? மிஸிக்குப் பயமில்லாட்டி எனக்காவது பயப்படுங்க!”

காக்கா கட்டிலில் ஏறினார். டொக்டர் வந்து பார்த்து, மூக்கால் தெளிந்த தண்ணீர் ஒரு சொட்டு வந்தாலும் திரும்ப ஒப்பரேசன்தான் என்றார். மிஸி அவர் மூக்கடியில் வெள்ளைத் துணி கட்டினாள். வேலை முடிந்தும் போகவில்லை.

“வீட்ட போகல்லயா மிஸி?”

“உங்கட மூக்கு விட்டாத்தானே போறத்துக்கு.”

பின்னேரம் அஸருக்குக் காக்கா கதிரையில் இருந்து தொழுதார். மிஸி துணியை அவிழ்த்துப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அன்றைக்குத்தான் அவள் ஒழுங்காகச் சோறு தின்றாள்.

அடுத்த கிழமை அதே ஒப்பரேசனுக்கு வீரமுனை வேலப்போடி வந்து படுத்தார். மிஸி முதலில் பிரஷரைப் பார்க்கவில்லை, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“போடியார், கோயில்ல விழுந்து கும்பிடுவீங்களா?”

“விழாம என்னெண்டு புள்ள கும்பிடுற?”

“அப்ப அதிலிருந்து தொடங்குவம்.”