எந்தப் பீப்பாய் கெட்டி?

எஞ்சின் ஆயில் விற்கிற வேலையில், கையில் பட்டது சோப்புக்குப் போய்விடும். மனசில் பட்ட சந்தேகம் போகாது. கடையில் நின்று பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

1950-களில் ஓசூரில் ஓர் ஆயில் கடையில் குமாஸ்தாவாக இருந்தேன். கிணற்றுக்கு எஞ்சின் வைத்த விவசாயிகள்தான் வாடிக்கை. ஒருமுறை வந்திறங்கிய இரண்டு பீப்பாய்களிலும் எழுத்து அழிந்திருந்தது. ஒன்று கெட்டி ஆயில், மற்றது இளக்கம். எது எதுவென்று சொல்ல ஆளில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் நான் மாற்றிக் கொடுத்த டின் ஒன்று திரும்பி வந்து, முதலாளி தெருவே கேட்கக் கத்தியிருந்தார்: "இன்னொரு டின் திரும்பி வந்துச்சுன்னா, நீயும் அதோடவே கெளம்பிடு!"

காப்பித்தூள் டின்

முதல் பீப்பாயிலிருந்து ஒரு பாட்டில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். விடிந்ததும், பனிக் குளிரில், டம்ளரில் ஊற்றிக் கோலி போட்டேன். எண்ண ஆரம்பிப்பதற்குள் அது அடியில் போய் 'டிங்' என்றது. டம்ளருக்கு ஆழம் போதவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காப்பித்தூள் டின்னைக் காலி செய்து, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, ஆயிலை ஊற்றி எண்ணினேன். நூறு தாண்டியும் ஒழுகிக்கொண்டிருந்தது. இது கெட்டிதான்! என் மனைவி சரோஜா வாசலில் நின்றபடி சொன்னாள்: "ரொம்ப சந்தோஷம். காப்பித்தூளை இனிமே என் முந்தானையில முடிஞ்சுக்கறேன்."

இரண்டு விரல்

அதே டின்னைக் கடைக்கு எடுத்துப்போய், மத்தியானம் வெயிலில் கிடந்த இரண்டாவது பீப்பாயைச் சோதித்தேன். அறுபதுக்குள் ஒழுகித் தீர்ந்தது. சந்தேகமே இல்லை, இளக்கம். முதல் பீப்பாயில் 'கெட்டி' என்று சாக்கட்டியால் பெரிதாக எழுதினேன்.

மறுநாள் காலை தொரப்பள்ளிப் பக்கமிருந்து மாதப்பன் வந்தார். கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுகிறவர். கெட்டி ஆயில் கேட்டார். கொடுத்ததும், பாகுக்குப் பதம் பார்ப்பது போல இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்த்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் டின்னைத் தூக்கிக்கொண்டார்: "இந்தக் குளிர்ல எல்லாமே கெட்டியாத்தான்ணா இருக்கும்."

கபிலை

அந்தப் பேச்சு என்னை இரண்டு நாள் அரித்தது. மூன்றாம் நாள் இரண்டு ஆயிலையும் பக்கத்தில் பக்கத்தில் நிழலில் வைத்து, ஆறவிட்டு எண்ணினேன். காலைக் குளிரும் மத்தியான வெயிலும் என்னை ஏமாற்றியிருந்தன. நான் கெட்டி என்று எழுதியதுதான் இளக்கம். அதை ஊற்றி ஓட்டினால் மாதப்பனின் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கரும்பு காயும், என் வேலையும் போகும்.

சரியான டின்னை சைக்கிளில் கட்டிக்கொண்டு மிதித்தேன். வழியெல்லாம் எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன்; கேட்கவில்லை. முடிந்தது கதை என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால், மாதப்பன் மாட்டைப் பூட்டிக் கபிலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் கொடுத்த டின் எஞ்சின் பக்கத்தில் நிரம்பியபடி இருந்தது. பழைய ஆயிலோடு வைத்து, இரண்டும் ஆறியபின் இழுத்துப் பார்த்தாராம்.

"தெரிஞ்சும் ஏங்க திருப்பிக் கொண்டாரலை?" என்றேன். மாட்டை நிறுத்தாமலே சொன்னார்: "ஒங்க மொதலாளி போட்ட சத்தம் எனக்குந்தான் கேட்டுச்சு. மாத்த நீங்களே வருவீங்கன்னு மாட்டப் பூட்டிட்டேன்."

அந்தக் கடையில் நான் பிறகும் பல வருஷம் நீடித்ததற்கு என் திறமையே காரணம் என்று முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது மாதப்பனின் இரண்டு விரலும் இரண்டு மாடுகளும்.