வயிறு வைத்துத் தைத்த பாய்

இடக்கைப் பெருவிரல் துணியின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருக்கிறது. வலக்கை அடுத்த பட்டையைக் கொண்டுவந்து அதன்மேல் ஒரு விரற்கடை ஏற்றி வைக்கிறது. இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று பொருந்த மறுக்கின்றன. ஒன்று நேராக ஓடுகிறது. மற்றது நடுவில் லேசாக வளைந்து வெளியே போகிறது. கைகள் அவசரப்படவில்லை. வளைந்ததை நேரானதோடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சேர்த்து, சாணுக்கு ஒரு குண்டூசி குத்துகின்றன. மோட்டாரைப் போடாமல் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையாலேயே சுற்றி, ஊசியை ஒவ்வொரு தையலாக இறக்குகின்றன. இந்தத் துணி ஒரு படகுப் பாய்க்குத்தான் காணும். தவறாக வெட்டினால் மாற்றுத் துணி கிடையாது.

அவை தாயில்பட்டி வள்ளித்தாயின் கைகள். சிவகாசியில் லாரிகளுக்குப் படுதா தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். அந்தத் தொழிலில் முதல் பாடம், துணி எங்கேயும் தளரக் கூடாது என்பது. தளர்ந்த இடத்தில் காற்று புகுந்து படுதாவைத் தூக்கும். குழி விழுந்தால் மழைத்தண்ணீர் தேங்கும். கீழே இருக்கும் பட்டாசுப் பெட்டிகள் நமத்துப்போகும். அந்தத் தளர்வுக்குப் பட்டறையில் ‘வயிறு’ என்று பெயர். வயிறு விழுந்த படுதாவைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும்.

வெம்பக்கோட்டை அணையில் பாய்மரப் படகுக் கழகம் ஒன்று நடக்கிறது. அச்சகம் வைத்திருக்கும் கனகசபாபதி தொடங்கியது. இளவயதில் தூத்துக்குடியில் இருந்தபோது படகு ஓட்டப் பழகியவர், அங்கிருந்து இரண்டு பழைய படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். யார் வேண்டுமானாலும் சேரலாம். பட்டாசு ஆலையில் வேலை செய்யும் வள்ளித்தாயின் கணவன் முனியராஜ் முதல் வாரமே சேர்ந்துவிட்டான்.

“வாரத்துல ஒரு நாளாவது மருந்து வாடை இல்லாத காத்து வேணும்ல,” என்பான்.

போன தை மாதம் அவன் ஓட்டும் படகின் பாய் கிழிந்தது. புதிதாகத் தைத்துத் தர வள்ளித்தாய் ஒத்துக்கொண்டாள். பழைய பாயை விரித்து அளவெடுத்தபோது நடுவில் அது புடைத்திருப்பதைப் பார்த்தாள். வருடக்கணக்கில் காற்றடித்துத் தளர்ந்துவிட்டது என்று நினைத்தாள். அதனால் பட்டைகளை நூல் பிடித்தாற்போல் நேராக வெட்டி, சுருக்கம் இல்லாமல் விறைப்பாகத் தைத்தாள். கனகசபாபதிக்கும் அது பிடித்திருந்தது. அவருக்குப் படகு ஓட்டத் தெரியுமே தவிர, பாயை எப்படி வெட்டுவார்கள் என்று பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரையில் கூட்டம். பாய் ஏறியது. படகு முன்னே போகாமல் நண்டுபோலப் பக்கவாட்டில் நகர்ந்து, எதிர்க்கரை வேலிக்கருவேல மரங்களுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

“ஏத்தா வள்ளி, படுதா போகுது, லோடு எங்கத்தா?” என்று கூவினாள் பட்டறையில் கூட வேலை பார்க்கும் கருப்பம்மாள். கரையே சிரித்தது.

முனியராஜ் முள் கீறிய முதுகோடு கரையைச் சுற்றி நடந்து வந்தான். “திருப்புனா திரும்பணும்லா? இது காத்து தள்ளுன பக்கமெல்லாம் போகுது. மாமியா வீட்டுக்குப் போன மருமகன் மாதிரி, ஒரு சொல்பேச்சும் கேக்க மாட்டேங்குது.”

கனகசபாபதி கோபப்படவில்லை. “பரவாயில்ல வள்ளித்தாயி. அடுத்து அணையில தண்ணி ஏறுறதுக்குள்ள சென்னையில சொல்லி ரெடிமேடா வாங்கிருவோம்.”

அந்தப் ‘பரவாயில்ல’தான் அவளைச் சுட்டது. அன்றிலிருந்து அந்தப் படகுக்குப் படுதாப் படகு என்று பெயர் விழுந்துவிட்டது.

“அண்ணாச்சி, கிழிஞ்ச பாய எனக்குத் தாங்க.”

“அத வச்சு என்ன செய்யப் போற?”

“பிரிச்சுப் பாக்கணும். எங்கன பிசகுச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது.”

அவர் கிழிந்த பாயைச் சுருட்டி அவளிடம் நீட்டினார். “சரி. ஆடிக்குள்ள ஒண்ணு தச்சுக் காட்டு. சரியா வரலன்னா சென்னைதான். அப்புறம் வருத்தப்படக் கூடாது.”

சித்திரையில் அணை வற்றியது. படகுகள் அச்சகத்துக் கிடங்கில் கவிழ்ந்து கிடந்தன. வள்ளித்தாய் வேலை முடிந்து வந்து, பழைய பாயின் தையலைப் பிளேடால் ஒவ்வொன்றாக அறுத்தாள். பட்டைகளைத் தனித்தனியே சிமெண்டுத் தரையில் போட்டு, பக்கத்தில் இரும்புச் சட்டத்தை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பட்டைக்கும் ஓர் ஓரம் வளைந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, படகின் கம்பத்தை ஒட்டி வரும் பாதியில் அதிகமாகவும் போகப்போகக் குறைவாகவும். துணி தளர்ந்திருந்தால் இப்படிக் கணக்காகத் தளர்ந்திருக்காது. யாரோ வேண்டுமென்றே வெட்டியது அது. வளைந்ததை நேரானதோடு சேர்த்துத் தைத்தால் துணி நடுவில் புடைத்தே தீரும். தொழிலில் குற்றம் என்று அவள் படித்த வயிற்றை அங்கே ஒருவன் அளந்து வைத்துத் தைத்திருந்தான். அதைத்தான் அவள் திருத்தித் தொலைத்திருக்கிறாள்.

பட்டறையில் கழித்துப்போட்ட துணியில் தைத்துப் பார்த்தாள். முதலில் தைத்தது கோணிப்பைபோல் தொங்கியது. அடுத்ததில் வயிறு பின்னோரத்துக்குப் போய்விட்டது. காற்று பட்டதும் படபடவென்று அடித்துக்கொண்டது. பிரித்தாள், வெட்டினாள், தைத்தாள்.

ஆடி பிறந்தது. மேற்கே மலையிடுக்கிலிருந்து காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. தண்ணீர் இருக்கும்போது இப்படிக் காற்று இருக்காது. காற்று இருக்கும்போது அணையில் ஆடு மேயும். இந்த ஊர்ப் படகுக்காரர்களின் வருடம் அப்படித்தான். வள்ளித்தாய் அந்தக் காற்றை வீணாக்க விரும்பவில்லை. பட்டறையின் நாலுசக்கரத் தள்ளுவண்டியில் படகின் கம்பத்தைக் கட்டி, கடைசியாகத் தைத்த பாயை அதில் ஏற்றி, அணைக்குள் சரளைத் தரையில் வடக்குமுகமாக நிறுத்தினாள்.

“ஏறி உக்காருங்க.”

“ஏ புள்ள, தண்ணியில முங்குனாலும் மரியாத. தரையில உருண்டா ஊரு என்ன சொல்லும்?” என்றான் முனியராஜ்.

“படுதாக்காரி புருசன்னு இப்பவே சொல்லுதாக. ஏறுங்க.”

அவன் ஏறிக் கயிற்றை இழுத்தான். பாய் ஒருமுறை உதறிவிட்டு, சத்தமில்லாமல் நடுவில் புடைத்தது. காற்று மேற்கிலிருந்துதான் அடித்தது. வண்டி வடக்கே நகர்ந்தது. மெல்ல நகர்ந்தது, பிறகு ஓடியது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறின. கருப்பம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். “ஏலே முனியராசு, நிப்பாட்டுலே! பட்டற வண்டி அதுலே!”

வண்டியைப் பிடித்து நிறுத்தியதும், பார்க்க வந்திருந்த கனகசபாபதி பாயின் புடைப்பை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மறுவாரம் தூத்துக்குடியிலிருந்து பாய்த்துணி ஒரு சுருள் வந்தது.

உடனே தொட முடியவில்லை. தீபாவளி சீசன், வடக்கே போகும் ஒவ்வொரு லோடுக்கும் படுதா வேண்டும். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடின, மழை பிடித்தது, அணை ஏறத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அவள் சுருளைப் பிரித்தாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு காலை. தண்ணீர் படித்துறையைத் தொட்டிருந்தது. வள்ளித்தாய் சுருட்டிய பாயைத் தோளிலிருந்து இறக்கினாள். கனகசபாபதி அதைக் கீழே விரித்துப் பார்க்கக் குனிந்தார்.

“தரையில விரிக்காதீக அண்ணாச்சி. தரையில அது சரியா படுக்காது. கம்பத்துல ஏத்துங்க.”

அவர் நிமிர்ந்தார். “நீயே குடும்மா. ஓட்டப்போறவன் அவன்தான.”

முனியராஜ் படகுக்குள் நின்றிருந்தான். அவள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, நனையாமல் இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்து, பாயை அவனிடம் கொடுத்தாள்.