சிக்னல் வராத அறை கேட்டவர்

ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் அறைப் பதிவு பார்க்கிறேன். எல்லோரும் கடல் தெரிகிற அறைதான் கேட்பார்கள். பக்கத்துத் தீவில் இருக்கிற ஹேடோவிலிருந்து போனில் பேசிய ஒரு அக்கா மட்டும், "தம்பி, போன் சிக்னலே வராத ரூம் இருக்கா?" என்று கேட்டார். கணவர் கான்ட்ராக்டராம், எந்நேரமும் போன்தானாம். இந்தக் கல்யாண நாளுக்காவது அவர் தன்னோடு பேச வேண்டுமாம்.

தென்னந்தோப்புக்குப் பின்னால் இருந்த அறையைக் கொடுத்தேன்.

நேரில் பார்த்தால் குள்ளமான உருவம், பெரிய பொட்டு. எதையும் சொல்வதற்கு முன்னால் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துவிடுவார். "நெட்வொர்க்கே இல்ல, ரூமை மாத்துங்க" என்று கணவர் வந்து கத்தியபோது, பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"எல்லா ரூமும் ஃபுல் சார்" என்றேன்.

மறுநாள் மாலை ரிசப்ஷன் சோபாவில் அக்கா தனியாக வந்து உட்கார்ந்தார்.

"என்னக்கா, சார் பேசினாரா?"

"அரே, நேத்துலேருந்து வாயே மூடல தம்பி. காதே வலிக்குது. அதான் ஓடி வந்துட்டேன்."

"சிக்னல் வர்ற ரூம் ஒண்ணு இருக்குக்கா. மாத்தித் தரவா?"

"நை நை, வேணாம்!" என்று பதறி எழுந்து, அறைக்கே வேகமாகத் திரும்பிப் போனார்.

காது வலிக்கிறது என்று அவர் சொன்னது குறையா, பெருமையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.