என் காப்பைக் கழற்றிக் கொடுத்த இராணி

கலியாணத்துக்கு என்னைப் பெற்ற அப்பு போட்டுவிட்ட தங்கக் காப்புச் சோடியை இன்னொருவர் கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அது என் மனுசனின் கை. மயிர் மழித்து, முழங்கை வரை மஞ்சள் பூசி, வங்காலை வேதக்கோயில் வளவில் போட்ட கொட்டகையில் அவர் அர்ச்சியசிஷ்ட மெத்தில்தா இராணியாக நின்றார்.

மெத்தில்தா சாக்சனி தேசத்து இராணியாம், பிறகு புனிதையானவளாம். எங்கள் கோயிலில் இருந்த வெள்ளைக்காரச் சுவாமி சொன்ன சரித்திரத்தை அண்ணாவியார் பாட்டாகக் கட்டி, திருநாளுக்கு வாசாப்பு நாடகம் போட்டார். பெண் வேடத்தையும் ஆண்கள்தான் கட்டுவார்கள். ராசா சாகிறார். உடனே இராணி, பூசை வைப்பதற்கான நோன்போடு அன்று இன்னும் வாய் நனைக்காத குருவானவர் யாரும் இருக்கிறாரா என்று கேட்டு, ராசாவின் ஆத்துமத்துக்கு முதற்பூசை வைக்கச் சொல்லித் தன் காப்புகளைக் கழற்றிக் கொடுக்கிறாள். பிறகு, பொக்கிசத்தை ஏழைகளுக்கு வாரியிறைக்கிறாள் என்று பெற்ற பிள்ளைகளே அவளைத் துரத்துகிறார்கள். கடைசியில் அவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்தச் சரித்திரத்தில் இவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் என் வீட்டுக்குள் நடந்தது.

வேடம் கிடைத்த நாளிலிருந்து அவர் நடை மாறிவிட்டது. குரல் கட்டாமலிருக்க ஊர்ப் பெண்கள் முட்டையும் பாலும் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று, "இராணியம்மா எழும்பிட்டாவோ?" என்பார்கள்.

"இராணி கடலுக்குப் போயிட்டா. மீனோட வந்தாச் சொல்லுறன்" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

எங்கள் முதற்பிள்ளை காய்ச்சலில் போனபோது, அவர் குழியை மூடிவிட்டு வந்து கிழிந்த வலையைப் பொத்த உட்கார்ந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதே மனுசன் ஒத்திகையில் இராணியாகி, கண்டறியாத ஒரு ராசாவுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். அந்தக் கண்ணீர் எனக்கு வரவேண்டியது. அவள் எடுத்துக்கொண்டாள்.

திருநாளுக்கு முதல்நாள் கேட்டார். "இஞ்சேர், உன்ர காப்பை ஒருக்காத் தாவன். தகரக் காப்பைக் கழற்றேக்க மட்டும் அழுகை வருதில்லை."

கொடுத்தேன். அவளைப் பார்க்கிற சனம் என்னுடையதையும் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

கொட்டகையில் குருவானவர் வேடம் கட்டி நின்றவர் ஊர்த் தச்சர். அவருடைய தட்டில் காப்புகளைப் போட்ட என் மனுசன், பாட்டில் இல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னார்: "இது கோயிலுக்கு." பிறகு ஒரு கிழவி எழுந்துபோய்த் தன் தோட்டைக் கழற்றி அதே தட்டில் போட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி போனாள்.

நான் எழுந்து, "அது என்ர காப்பு!" என்று கத்தினேன்.

"இருங்கோ மச்சாள், மகன்மார் வந்து சண்டை பிடிக்கிற இடம் இன்னும் வரேல்லை!" என்றான் ஒருவன். வளவே சிரித்தது. என் மனுசன் என்னைப் பார்த்தார். ஏழைகளுக்கு இரங்கும் இராணியின் பாட்டை என் முகத்தைப் பார்த்தே பாடினார். அந்தக் கண்ணில் நான் அவருடைய மனுசி இல்லை. பிச்சைக்கு வந்த யாரோ ஒருத்தி.

விடிந்ததும் தச்சர் காப்புகளைக் கொண்டுவந்தார். "அக்கை, சுவாமி தந்துவிட்டவர். உங்கட சம்மதமில்லாத காணிக்கை வேண்டாமாம்."

என் மனுசன் கையில் மஞ்சள் போகாமல் பாயில் கிடந்தார். "குடுத்தது நானில்லை. அவ குடுத்தவ. அதை எப்பிடித் திருப்பி வாங்கிறது?" என்றார்.

"அப்ப அவவோடயே குடும்பம் நடத்துங்கோ."

காப்பைப் போட்டுக்கொண்டு முருங்கன் வரை நடந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்குமென்று வழியெல்லாம் காது கொடுத்தேன். கேட்கவில்லை. பிறகு மறிச்சுக்கட்டியில் முத்துக் குளிப்பவர்களின் வாடிக் குடிசைகளில் அப்பம் சுட்டு விற்றேன். குளிப்பு முடிந்து வாடிகளைப் பிரித்ததும் தலைமன்னாருக்குப் போனேன். வயிற்றோட்டத்தில் கிடந்தபோது ஒரு காப்பை விற்றேன். மழை பெய்யாத வருடத்தில் மற்றதும் அரிசியாய்ப் போனது.

பல வருடம் கழித்து ஒரு திருநாளுக்கு வங்காலைக்குப் போய், முக்காடு போட்டுக்கொண்டு சனத்தோடு சனமாய் இருந்தேன். அதே நாடகம், அதே இராணி. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் வேறு ஊரிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண். அவளுக்கு என்னைத் தெரியாது.

"பாருங்கோ அக்கை, இவர் தகரக் காப்பும் போடமாட்டார். மனுசி போன நாள் தொட்டு வெறுங்கைதானாம்" என்றாள்.

எனக்காகத்தான் அந்தக் கையை வெறுமையாய் வைத்திருக்கிறார் என்று நெஞ்சு ஒருமுறை குளிர்ந்தது. அதற்குள் ராசா செத்துவிட்டார். என் மனுசன் வெறும் மணிக்கட்டிலிருந்து இல்லாத காப்பை மெல்ல மெல்லக் கழற்றினார். நரைத்துப்போன தச்சர் அதைத் தட்டில் ஏந்தினார். தங்கம் போட்ட அன்றுகூட அந்த இடத்தில் வராத அழுகை அன்று அவருக்கு வந்தது. சுற்றியிருந்த பெண்களெல்லாம் விம்மினார்கள். அந்த வெறுங்கையையும் இராணி எடுத்துக்கொண்டாள். என் கையும் வெறுங்கைதான். சேலைத் தலைப்புக்குள் இருந்தது.

பக்கத்தில் இருந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "உங்களுக்கு அழுகை வரேல்லையோ?"

"எனக்கு அந்த இராணியை முந்தியே தெரியும், பிள்ளை" என்றேன்.