உறுதியா என்று கேட்டது பெட்டி

என் வீட்டுக்காரரிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் யோசிப்பார். காபியா டீயா என்று கேட்டுவிட்டால் போச்சு, பால் பொங்கி அடுப்பு அணைகிற வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதனால் நான் கேட்பதே இல்லை. எது கொதிக்கிறதோ அதை ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவேன். தெருவில் அவருக்கு ‘யோசனை’ என்றே பெயர். எனக்கு ‘யோசனை பெண்டாட்டி’. எனக்கும் யோசனைக்கும் ஏழாம் பொருத்தம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எங்கள் கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. பதிவாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “உங்களுக்கு இதுல முழுச் சம்மதமா?” என்று கேட்டார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிற கேள்வி. இந்த மனுஷன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். என் அப்பா முகத்தில் ஈயாடவில்லை. நான் செருப்புக் காலால் இவர் பாதத்தில் ஒரு மிதி மிதித்தேன். “சம்மதம்!” என்று அலறினார். வெளியே வந்ததும், “அப்படி என்னத்தை யோசிச்சீங்க?” என்று பிடித்துக்கொண்டேன். “முழுசாவான்னு கேட்டாரே. உனக்கு முழுசா இருக்கான்னு யோசிச்சேன்” என்றார். இந்த ஆளைத் திட்டவும் முடியாது, கொஞ்சவும் முடியாது.

நான் துணி தைக்கிறவள். என் தொழிலில் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. வெட்டிவிட்டு யோசித்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. படம் எடுப்பது வேறொருத்தர், பார்த்துச் சொல்வது டாக்டர். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் பெயர் போட்டுப் பத்திரமாக வைப்பது இவர். பத்திரமாக வைப்பதில் இவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வம்பு வந்தது, அழிக்கச் சொன்னபோது.

புது மெஷின் வருகிறது, பழைய படங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று டாக்டர் இவரைக் கூப்பிட்டிருக்கிறார். “மாசக் கடைசிக்குள்ள பழசெல்லாம் போயிடணும். இல்லைன்னா உங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?” அழிக்கிற பட்டனை டாக்டருக்கே அமுக்கத் தெரியும். ஆனால் அமுக்குவதற்கு ஆள் வைத்திருக்கிறாரே.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“அழிக்கற பட்டனை அமுக்கினேன். ஒரு பெட்டி வந்து நிக்குது. நிரந்தரமா அழியப் போகுது, உறுதியான்னு கேக்குது.”

“ஆமான்னு அமுக்க வேண்டியதுதானே?”

“நிரந்தரமான்னு கேக்குதே.”

“அது எல்லார்கிட்டயும் அப்படித்தாங்க கேக்கும். அதுக்கு வேற வேலை என்ன?”

“யாரோட நுரையீரலோ. அதுக்கு நான் யாரு உறுதி சொல்ல?”

தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கச் சொல்லி டாக்டரும் கத்தியிருக்கிறார். அப்படியும் செய்து பார்த்தாராம். மொத்தத்துக்கும் உறுதியா என்று அதே பெட்டி கேட்டதாம். ஒருத்தருக்கே சொல்ல முடியவில்லை, இத்தனை பேருக்கு எப்படிச் சொல்வது என்று ‘இல்லை’யை அமுக்கிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாராம்.

அப்புறம் அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். உலகத்தில் வேறு எவனுக்கும் அது தோன்றியிருக்காது. படத்துக்குச் சொந்தக்காரர்களுக்கே போன் போட ஆரம்பித்தார்.

“வணக்கம்ங்க, ஸ்கேன் சென்டர்லேர்ந்து பேசறேன். உங்க இடது சிறுநீரகம் எங்ககிட்ட இருக்கு. அழிச்சிடலாமா?”

முதல் ஆள் போலீசுக்குப் போவேன் என்று கத்தியிருக்கிறார். சட்டையைத் தூக்கித் தையல் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடங்கினாராம். ஓர் அம்மாவிடம் அவர் கணவருடைய கல்லீரலைப் பற்றிக் கேட்டதற்கு, “அந்த ஆளே வேற ஒருத்தியோட போயிட்டான். கல்லீரலை மட்டும் வெச்சு நான் என்ன பண்ண? அழிங்க. அழிக்கறப்ப எனக்கு ஒரு போன் பண்ணுங்க, நானும் கேக்கறேன்” என்றாராம். இவரும் பட்டனை அமுக்குகிற சத்தத்தைப் போனில் கேட்க வைத்தாராம். ரிட்டயர் ஆன ஒரு டீச்சர் மட்டும் தன் முழங்காலை அழிக்கவே கூடாது என்றாராம். “இப்ப இருக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலை. இருக்கட்டும் சார், ஒரு நினைப்புக்கு.” மறுநாள் நேரிலேயே வந்து, முழங்காலை ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, இங்கே இருப்பதை அழிக்கச் சொல்லிவிட்டு நொண்டி நொண்டிப் போனாராம்.

தினமும் சாப்பிடும்போது இந்தக் கதைகள்தான். எனக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே வருஷத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். பழையதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வருஷமாக வருகிறார் இல்லையா? எங்கள் படமும் அதில் ஒன்று இருந்தது.

எனக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது அங்கேதான் எடுத்தார்கள். டாக்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். துடிப்பு இல்லை என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். இவர் வாசலில் நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அதன் பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதைப் பற்றிய பேச்சும் இல்லை. இந்த மனுஷன் அதை மறந்தே போய்விட்டார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் அதற்காக அவர்மேல் ஆத்திரம் இருந்தது. இப்போது அந்தப் பெட்டி கேட்கும்போது, இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பாரா, இல்லை அமுக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்துவிடுவாரா என்பதுதான் என் கவலை. கேட்காமல் அமுக்கினால் இவரோடு எனக்கு இனிப் பேச்சே கிடையாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒருநாள் சாப்பாட்டில் கதை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வருஷத்துக்கு வந்துவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். குழம்பு எப்படி என்று கேட்டேன். கூரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். சரி, அமுக்கிவிட்டார் போலிருக்கிறது என்று பாத்திரங்களை டமால் டமாலென்று போட்டுக் கழுவினேன்.

அதற்கப்புறம் கதைகள் திரும்ப வந்தன. நம்பர் மாறிப்போய்க் கேட்க முடியாதவர்களுக்கெல்லாம் வரவேற்பு மேஜைப் பெண்ணைக் கூப்பிட்டு அமுக்கச் சொல்கிறாராம். அவள் ஒரு கையில் போனைப் பிடித்துக் காதலனோடு கொஞ்சிக்கொண்டே மறுகையால் அமுக்கித் தள்ளுகிறாளாம். நான் சிரிக்கவில்லை.

மாசக் கடைசி நாள் மத்தியானம், துணியை விரித்து வெட்டப்போகும்போது போன் அடித்தது.

“வணக்கம்மா. ஸ்கேன் சென்டர்லேர்ந்து பேசறேன்.”

“குரல் தெரியாதா எனக்கு? என்ன விளையாட்டு இது?”

“உங்க படம் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு.” குரல் அவருடையதாகவே இல்லை. “எல்லாம் போயாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. அழிச்சிடலாமா, வெச்சுக்கலாமான்னு… கேக்கத்தான் போன் பண்ணினேன்.”

“வீட்டுல கேட்டிருக்கலாம் இல்ல?”

“உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு எப்படிம்மா கேக்கறது?”

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். “நான் அதை இன்னும் பாக்கவே இல்லையேங்க” என்றேன். அப்படியே போனை வைத்துவிட்டு, கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஆட்டோ பிடித்தேன்.

சென்டரில் அவர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டுத் திரையைத் திருப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு தலை, குட்டியாய் ஒரு வயிறு, மடக்கி வைத்த ஒரு கை. பக்கவாட்டில் படுத்திருந்தது. முகம் மட்டும் எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. அப்புறம் நன்றாகத் தெரிந்தது.

“மூக்கு அப்படியே உங்க மூக்கு” என்றேன். “பாவம்.”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தார்.

“நீங்க இதை முன்னாடியே பாத்திருக்கீங்களா?”

“அப்பப்ப பாப்பேன்.”

“அப்பப்பன்னா?”

“வேலை இல்லாதப்ப. மத்தியானம் சாப்பிட்டதும். தினமும்னு வெச்சுக்கோயேன்.”

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். இத்தனை வருஷமும் தினம் தினம் இங்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார். எனக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. வரவேற்புப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாள்.

“சரி, பட்டனை அமுக்குங்க. என்னதான் கேக்குதுன்னு பாப்போம்” என்றேன்.

அமுக்கினார். பெட்டி வந்தது. இதை நிரந்தரமாக அழிக்கப் போகிறீர்கள், உறுதியா? கீழே ஆம், இல்லை. அவர் பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“உறுதியாம்மா?”

நான் கூரையைப் பார்த்தேன்.

“தெரியலைங்க” என்றேன்.

அவர் யோசிக்கவே இல்லை. டக்கென்று ‘இல்லை’யை அமுக்கினார். அதே நேரம் உள்ளேயிருந்து டாக்டர், “என்னய்யா, எல்லாம் அழிச்சாச்சா?” என்று சத்தம் போட்டார்.

“ஆச்சு சார்” என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். “ஒண்ணே ஒண்ணு இருக்கும். அது எங்க பிள்ளை.”